நிறுத்தினா நிக்கணும்

அந்தப் பெட்டியில உங்க கம்ப்யூட்டர் கம்பிய மாட்டறதுக்கு முந்தி என்ற பேச்சையும் சித்த கேட்டுப்போட்டு மாட்டுங்க சார். அது எங்கயும் ஓடிப்போயிராது. நானும் ஓடிப்போற ஆளில்லீங்க. முப்பத்தொரு வருசமா இதே பம்ப் ஹவுஸ்லதான் கெடக்கறேன். இந்த ஊர்க்காரங்க காலையில எந்திரிச்சதுல இருந்து கழுவி ஊத்தற சாக்கடைத் தண்ணி மொத்தமும் வெளிய இருக்கற அந்தக் கெணத்துல வந்து விழுதுங்க. நான் மோட்டாரைப் போட்டு அதை மேட்டுக்குத் தள்ளிவிடறேன், அங்க சுத்தம் பண்றாங்க. இவ்வளவுதான் என்ற வேலை. சென்னியப்பன்னு கேட்டா நகராட்சியில யாரும் சொல்லுவாங்க. என்னன்னு சொல்லுவாங்கங்கறது வேற விசயம்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், செவுத்தோரமாப் போட்டுக்குங்க. நாத்தம் அடிக்குதுங்களா? கர்ச்சீப்பெல்லாம் எதுக்குங்க. பத்து நிமிசம் இருந்தீங்கன்னா உங்களுக்கே தெரியாமப் போயிரும்.

நீங்க இந்தப் பேனல் பெட்டி செஞ்ச கம்பெனியில இருந்து வந்திருக்கீங்க. இதுக்குள்ள என்னென்ன பதிஞ்சிருக்குதுன்னு எடுத்து நகராட்சி எஞ்சினியர் ஏ.இ. சார் கையில குடுக்கப் போறீங்க. அவர் பன்னண்டு மணிக்கு வர்றாரு. எல்லாம் தெரியுமுங்க. அதை வெச்சுத்தான் பைப்பு வெடிச்சதுக்கு யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணப்போறாங்க. வெளிய கேட்டுக்கிட்ட ஸ்கூட்டி மேல ஒரு புள்ள உக்காந்திருக்குது பாருங்க, அதுதான் கோகிலவாணி. ரண்டு மணி ஷிப்ட்டு. இப்ப சஸ்பெண்டு. ஒண்ணு அது போகணும், இல்லைன்னா நான் போகணும். எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்குதுங்க. இப்பப் போய் வேலை போச்சுன்னா பென்சனும் சேந்து போயிரும். அது இருபத்தெட்டு வயசுப் புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்கும். நான் கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க, உள்ளதைச் சொல்றேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். பேனல்ல இருக்கற அந்தச் செவப்புக் குமிழை நான் தொட்டதில்லை. எழுதிக்கிட்டீங்களா? எழுதிக்குங்க.

மாசி மாசம் வந்தது இந்தப் பெட்டி. மோட்டாரை மெல்லக் கெளப்பி மெல்ல நிறுத்தற சாஃப்ட் ஸ்டார்ட்டர்னாங்க. பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, சேர்மன் வந்து பட்டனை அமுக்கி, கைதட்டி, ஆளுக்கொரு லட்டுக் குடுத்தாங்க. எனக்கு அந்த லட்டே எறங்கலை. முந்தி இருந்த ஸ்டார்ட்டர் இருக்குதுங்களே, அது எனக்கு ஒண்ணும் ஒறம்பரை சொந்தம் இல்லீங்க, அதுகிட்டயும் ஷாக் வாங்கியிருக்கறேன். ஆனா அது சொன்ன பேச்சைக் கேக்கும். நிறுத்துன்னு பட்டனை அமுக்கினா மோட்டார் பட்டுனு நிக்கும். என்ன, அப்படிப் பட்டுனு நின்னா மேட்டுக்கு ஏறிக்கிட்டிருக்கற தண்ணி அத்தனையும் திரும்பி வந்து பைப்புல மோதும். அந்த மோதல்ல பைப்பே வெடிச்சுப்போகும். அதுக்காக நிறுத்தறதுக்கு முந்தி இந்த வால்வை மூடணும். சக்கரம் தெரியுதுங்களா, அதுதான். அறுபது சுத்து. ஒரு நாளைக்கு நாலு வாட்டி அஞ்சு வாட்டி. என்ற வலது தோள்பட்டை அதுலதான் போச்சு. கையத் தூக்கிச் சட்டை போட முடியாது.

அப்புறம் உங்களாட்டமே ஒரு எஞ்சினியர் வந்தாரு. எங்க மூணு ஷிப்ட்டு ஆளுகளையும் நிக்க வெச்சுப் பாடம் எடுத்தாரு. "இனிமே நீங்க வால்வை மூடிக்கிட்டு இருக்க வேண்டாங்க. ஸ்டாப் பட்டனை அமுக்கினாப் போதும். பேனலே மோட்டாரை மெல்ல மெல்லக் கொறச்சு அரை நிமிசத்துல நிறுத்திக்கும். பைப்புல அடி விழாது"ன்னாரு. வால்வை மூட வேண்டாம்னு அவர் வாயாலயே சொன்னாரு சார். அதை நல்லா எழுதிக்குங்க. அன்னையிலிருந்து நான் அந்தச் சக்கரத்துல கைய வெக்கலை. படிச்சவங்க சொன்னாக் கேட்டு நடக்கறவன் நான்.

ஆனா அந்த அரை நிமிசம் இருக்குது பாருங்க, அதுதான் என்ற வயித்தெரிச்சல். ஸ்டாப்பை அமுக்கறேன். நிக்க மாட்டேங்குது. லைட்டு மினுக்கு மினுக்குனு மினுக்குது, மோட்டார் முனகிக்கிட்டே கெடக்குது. எம்பையனை எந்திரிடான்னா "ஆச்சு, ஆச்சு"ம்பான், ஆனா போர்வைய விட்டு வெளிய வர மாட்டான். அதே மாதிரி. நான் இங்க நின்னுக்கிட்டு இதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். எதுக்குங்க? நிறுத்தினா நிக்கணும். நான் எஜமானனா, அந்தப் பெட்டி எஜமானனா?

எனக்கு ஒண்ணு அம்பத்தஞ்சுக்கு டவுன் பஸ். அதை விட்டா அடுத்தது மூணு மணிக்குத்தான். காலை ஷிப்ட்டு எப்பவுமே எனக்குத்தான், சீனியாரிட்டி. ஆறுல இருந்து ரண்டு. ரண்டு மணிக்கு அந்தப் புள்ளைகிட்ட ஒப்படைக்கணும். எங்க பம்ப் ஹவுஸ்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க, ஓடற மோட்டாரை அடுத்த ஆளுகிட்டக் கை மாத்த மாட்டோம். நிறுத்திப்போட்டுத்தான் சாவியக் குடுப்போம். எனக்கு முந்தி இருந்தவங்க காலத்துல இருந்தே அப்படித்தான். அப்ப தினமும் நான் கெளம்பறப்ப நிறுத்தியாகணும். பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு வருது, இது முனகிக்கிட்டுக் கெடக்குது. பக்கத்துல அந்தச் செவப்புக் குமிழ், எமர்ஜென்சின்னு. உள்ளங்கையில ஒரு தட்டுத் தட்டினாப் போதும், அப்பவே நிக்குது.

சரி, எப்பவாச்சும் தட்டியிருப்பேன். ஒருக்கா ரண்டுக்கா. அவசரத்துக்குன்னுதானே வெச்சிருக்கறாங்க? எனக்கு அவசரம், தட்டினேன்.

அந்தப் புள்ளையப் பத்திக் கேளுங்க. டிப்ளமா படிச்சிருக்குதாம். வேலைக்கு வந்து ஒரு மாசங்கூட ஆகலை, எங்கிட்ட வந்து, "ஏனுங்ணா, செவப்பை அமுக்காதீங்க. அது ஒரேயடியாக் கரண்டை வெட்டிப்போடும். வால்வையும் மூடாம அதையும் அமுக்கினா பைப்பு தாங்காதுங்ணா. ஒண்ணு வால்வை மூடுங்க, இல்லைன்னா அரை நிமிசம் பொறுங்க"ங்குது. எப்படி இருக்குது பாருங்க! நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் இந்த மோட்டாரை ஓட்டினவன்டீன்னு திட்டிப்போட்டேன். திட்டினா மொகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகணுமில்ல? போகலை. அடுத்த நாள் பாக்கறேன், குமிழுக்கு மேல சீட்டு எழுதி ஒட்டியிருக்குது, 'தொட வேண்டாம்'னு. கிழிச்சேன். மறுக்கா ஒட்டுச்சு. மறுக்காக் கிழிச்சேன். எட்டுச் சீட்டுக் கிழிச்சேங்க.

அப்புறம் இன்னொரு வேலை ஆரம்பிச்சுது. ரண்டு மணி ஷிப்ட்டுக்கு ஒண்ணரைக்கே வந்துரும். வந்ததும் டிபன் பாக்ஸைக்கூட வெக்காது, நேரா அந்தச் சக்கரத்துக்கிட்டப் போயித் திருக ஆரம்பிச்சுரும். அறுபது சுத்து. ஒல்லிப் புள்ளைங்க, மூச்சு வாங்கும். நான் குமிழைத் தட்டறதுக்குள்ள மூடிரும். தினமும். ஏழெட்டு மாசம். எனக்குத் தெரியாதுங்களா? என்னை வேவு பாக்கறதுக்கு வருது. நான் தப்புப் பண்றேன்னு காட்டறதுக்கு வருது. நாளைக்கு ஏ.இ. கேட்டா, 'அவரு மூட மாட்டாரு, நாந்தான் மூடறேன்'னு சொல்லிக்கலாமில்ல? பைப்பு வெடிக்கற வரைக்கும் ஒருநாளும் அது யாருகிட்டயும் சொல்லலைங்கறது வாஸ்தவந்தான். சந்தர்ப்பம் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்.

முந்தி வர்றதுல எனக்கும் ஒரு சௌகரியம். வந்ததும் டூட்டி நோட்டுல கையெழுத்து வாங்கிருவேன். ரண்டு மணி வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? ஆளு வந்தாச்சு, போட்டுரு, அவ்வளவுதான்.

போன மாசம், கார்த்திகை முகூர்த்தம். அன்னைக்கும் அது ஒண்ணரைக்கு வந்துச்சு. கெணத்துல தண்ணி அதிகம்னு நான் கொஞ்ச நேரம் சேத்து ஓட்டிப்போட்டு, ஒண்ணே முக்காலுக்கு நோட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுச்சு. நேரத்தை நாந்தான் எழுதினேன். எழுதிப்போட்டு நிமுந்து பாக்கறேன், போயிச் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோவம் வந்துச்சோ. நான் ஒரு ஆளு இங்க நிக்கறேன், நான் நிறுத்தறதுக்கு அது காவலா? "விடு அதை. பின்னால கெணத்துச் சல்லடையில குப்பை அடைச்சுக் கெடக்குது, போயி வாரி எடு"ன்னேன். "மூடிப்போட்டுப் போறனுங்ணா, அஞ்சே நிமிசம்"னுது. "கையெழுத்துப் போட்டுட்டயில்ல? இப்ப உன்ற டூட்டி. சல்லடை உன்ற வேலை. போ"ன்னேன். சக்கரத்தை ஒருக்காப் பாத்துச்சு, என்னை ஒருக்காப் பாத்துச்சு, போயிருச்சு. சொன்னாக் கேக்கற புள்ளதான், அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன். அவ வந்து என்னத்தை அமுக்கினாளோ. காலுக்கடியில திடும்னு ஒரு அடி, அந்தா அந்த மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போயித் திரும்புச்சு, செவுத்துல இருந்து காரை உதுந்துச்சு...

என்னங்க? இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா? அவ சொன்னா. அவ சொல்லித்தான் தெரியும். வேற யாரு சொல்லுவா?

நீங்க கம்பிய மாட்டிக்கிட்டே கேளுங்க, பரவால்லை. எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

பஸ்ஸு ரண்டே ஸ்டாப்புதாங்க போச்சு. கல்யாண மண்டபத்துக்கிட்ட நின்னுபோச்சு. தடம் பூராக் கறுப்புத் தண்ணி. மண்டபத்துக்கு முன்னாடி ரோடு பொளந்து ஆளு உசரத்துக்கு அடிக்குது. உள்ள ரண்டாவது பந்தி நடந்துக்கிட்டு இருந்திருக்குது. சாப்பாட்டுக் கூடம் கீழ் தளம். பட்டுச் சீலைய முழங்காலுக்குத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பொம்பளைங்க படியில ஓடறாங்க. ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு ரோட்டுல போறவங்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிடறாரு. எதுக்குக் கும்பிடறாருன்னு அவருக்கே தெரியலை. பொண்ணோட அப்பான்னு பொறகு சொன்னாங்க. பஸ்ஸுல அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டி எட்டிப் பாக்கறாங்க. நான் ஜன்னல் ஷட்டரை எறக்கிப்போட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். பயந்துபோயிட்டேன். முப்பத்தொரு வருசமா இந்த நாத்தத்துலயே இருக்கறவன், அன்னைக்கு எனக்கே கொமட்டிக்கிட்டு வந்துச்சு.

நான் எதுக்குப் பயப்படணும்னு கேக்கறீங்களா? பாத்தா யாருக்கும் பயம் வருமுங்க.

அடுத்த நாள் ஏ.இ. சார் வந்தாரு. கவுன்சிலர், கல்யாண வீட்டுக்காரங்க, எல்லாம் வந்து ஒரே கூச்சல். "யாரு டூட்டி?"ன்னாரு. நோட்டை எடுத்து நீட்டினேன். ஒண்ணு நாப்பத்தஞ்சுக்குக் கோகிலவாணி ஏத்துக்கிட்டான்னு இருக்குது. பைப்பு வெடிச்சது அதுக்கப்புறம். நான் பொய் சொன்னனா? இல்லையே. அந்தப் புள்ள என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "ங்ணா, நீங்களே சொல்லுங்க"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? நோட்டுதான் சொல்லுதே. அன்னைக்கே சஸ்பெண்டு. அப்பத்தான் அது பேனல்ல எல்லாம் பதிஞ்சிருக்கும், கம்பெனி ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. அதுனாலதான் நீங்க வந்திருக்கீங்க. இத்தனை நாளு கூட வேலை செஞ்ச ஆளுன்னு ஒரு மரியாதை இருந்தா இப்படி எழுதிக் குடுக்குமா? இப்ப என்னை எதுத்தாப்பல பாத்தா அண்ணான்னு கூப்பிடறதில்லை. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறலீங்க.

வந்துருச்சுங்களா? என்னங்க அது, ரயில் டைம் டேபிளாட்டம் நீளமா ஓடுது? எமர்ஜென்சி எத்தனை? இருநூத்திப் பதினொண்ணா? இருக்காதுங்க. பத்து மாசத்துல ஒரு மனுசன் இருநூத்திப் பதினோரு தடவை... நல்லாப் பாருங்க, கம்பி லூசா இருக்கும்.

எல்லாமே ரண்டு மணிக்கு முந்தியா? மத்த ரண்டு ஷிப்ட்டுல ஒண்ணுகூட இல்லையா?

பாத்தீங்களா சார்! நான் சொன்னனில்ல! அவ நேரத்துல ஒண்ணு இல்லை, ராத்திரி ஆளு நேரத்துல ஒண்ணு இல்லை, என்ற நேரத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எழுதி வெச்சிருக்குது. இது பெட்டியா? வந்த நாள்ல இருந்து இதுக்கு எம்மேல ஒரு கண்ணு. எனக்குத் தெரியும்.

சரி, அதெல்லாம் விடுங்க. முகூர்த்தத் தேதியப் பாருங்க. ஒண்ணு அம்பத்திரண்டா? இந்தாங்க நோட்டு. ஒண்ணு நாப்பத்தஞ்சு, கையெழுத்து யாருது? கோகிலவாணி. ஏழு நிமிசம் ஆயிருச்சு. அப்ப அது அவ டூட்டியில நடந்தது. நோட்டுப்படியும் சரி, உங்க பெட்டிப்படியும் சரி. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மத்த இருநூத்திப் பத்தையும் அழிச்சுப்போடுங்க. அதெல்லாம் யாருக்கு என்னத்துக்கு? பைப்பு அன்னைக்குத்தானே வெடிச்சுது. அந்த ஒத்தை வரியை மட்டும் விட்டுவெச்சு ஏ.இ. சார்கிட்டக் குடுத்துருங்க. எட்டு மாசம் சார். எட்டே மாசம்.

அழிக்க முடியாதா? முடியாதா, மாட்டீங்களா? நல்லாயிருக்குதுங்க. நீங்க எங்கிருந்தோ வர்றீங்க, ஒரு மணி நேரம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, ஒரு ஆளு பொழப்பைக் கெடுத்துப்போட்டுக் காருல ஏறிப் போயிருவீங்க. ஒருநாள், ஒரே ஒருநாள் இங்க நின்னு இந்த மோட்டாரை ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும். சிரிக்கலைன்னா சரி. எனக்குச் சிரிக்கற மாதிரித் தெரிஞ்சுது.

என்ன பண்ணணும்? பேனல் கதவைத் தொறந்து உள்ள பாக்கணுமா? மோட்டாரை நிறுத்தணுமா? அதுக்கென்ன, நிறுத்தறேன். அது என்ற வேலைதானே. நீங்க அப்படி ஓரமா நில்லுங்க, அந்தப் பைப்புக்கிட்ட நிக்காதீங்க.

இந்தாங்க. நிறுத்தியாச்சு.

ஏனுங்க சார், அப்படிப் பாக்கறீங்க? நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன்.

ஐயோ, தலையக் குனியுங்க! அந்த ஜாயிண்ட்டுல அடிக்குது! கம்ப்யூட்டரைத் தூக்குங்க, நனையுது, இந்தப் பக்கமா வாங்க! ஒண்ணுமில்லீங்க, வாசர் போயிருக்கும், பழசு. கண்ணைத் தொடைங்க, வாயத் தொறக்காதீங்க. எங்கைய எதுக்குங்க பாக்கறீங்க? குமிழ்மேலதான் இருக்குது, அதுக்கென்ன?

யாரது ஓடியாறது? இந்தா, இந்தா புள்ள, நீ எதுக்கு உள்ள வர்றே? சக்கரத்தை விடு! விடுன்னா! சார், பாருங்க, என்ற பேச்சைக் கேக்காம மூடிக்கிட்டு நிக்குது. சஸ்பெண்டுல இருக்கற ஆளு பம்ப் ஹவுஸ்ல காலை வெக்கக் கூடாதுங்க, சட்டம் இருக்குது. நீங்க சாட்சி. மொதல்ல அதை எழுதுங்க.